நாற்பத்தொன்றாம் சுற்று

விளையாட்டு என்றவுடன் திடலும் பந்தும் வியர்வையுமே நம் நினைவில் எழுகின்றன. கணினித் திரையின் முன் அமர்ந்து ஐவருக்கு எதிராக ஐவர் ஆடும் ஆட்டமும் இன்று பேரரங்குகளை நிறைக்கிறது. அத்தகைய ஆட்டம் ஒன்றில் வெற்றியைத் தீர்மானிப்பவை எவை என்பதை, 2018ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் நடைபெற்ற இறுதிப்போட்டியின் வழியாக இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

2018ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 28ஆம் நாள். அமெரிக்காவின் பாஸ்டன் பல்கலைக்கழகத்திற்குரிய அகானிஸ் அரங்கு மக்களால் நிறைந்திருந்தது. வழக்கமாகப் பனித்தள வளைகோற்பந்தாட்டம் நடைபெறும் அரங்கு அது. அன்று அங்கே பனித்தளமும் இல்லை, வளைகோலும் இல்லை. மேடையில் இருபுறமும் ஐந்தைந்து கணினிகள். அவற்றின் முன்னே காதுகளைப் பெரிய காதொலிக் கருவிகளால் மூடிக்கொண்ட பத்து இளைஞர்கள். அவர்கள் தலைக்குமேல் உயர்ந்து நின்ற திரையை நோக்கியே அரங்கம் ஆர்ப்பரித்தது. அரங்கிற்கு வர இயலாதவர்கள் இணையத்தில் கண்டனர். போட்டியை நடத்திய ஈலீக் நிறுவனத்தின் ட்விட்ச் அலைவரிசையில் மட்டும் ஒரே நேரத்தில் 11 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அவ்வாட்டத்தைப் பார்த்தனர். அத்தளத்தின் தனி அலைவரிசை ஒன்றுக்கு அன்றுவரை அத்துணைப் பார்வையாளர்கள் அமைந்ததில்லை.

ஆடியவை இரண்டு அணிகள். ஒன்று, அமெரிக்கர் ஐவரைக் கொண்ட கிளவுட் நைன். மற்றொன்று, ஐரோப்பிய நாடுகள் ஐந்திலிருந்து ஒவ்வொருவராகச் சேர்ந்த ஃபேஸ் கிளான். ஆடப்பட்ட ஆட்டம் கவுண்டர்-ஸ்டிரைக். வெல்லும் அணிக்குரிய பரிசு 5 இலட்சம் டாலர்.

ஆட்டம் பிறந்த கதை

கவுண்டர்-ஸ்டிரைக் பெருநிறுவனம் ஒன்றின் திட்டத்தில் பிறந்ததன்று. கனடாவில் பல்கலைக்கழக மாணவராக இருந்த மின் லே என்பவரும் அவர்தம் நண்பர் ஜெஸ் கிளிஃபும் 1999ஆம் ஆண்டில் உருவாக்கியது அது. வால்வ் நிறுவனம் முன்னரே வெளியிட்டிருந்த ஹாஃப்-லைஃப் என்னும் ஆட்டத்தின் அடித்தளத்தை எடுத்துக்கொண்டு, அதன்மேல் தங்கள் கற்பனையை எழுப்பினர். இணையத்தில் அது பரவிய விரைவைக் கண்ட வால்வ் நிறுவனம் உரிமையைப் பெற்று 2000ஆம் ஆண்டில் தானே வெளியிட்டது. பாஸ்டனில் ஆடப்பட்டது, 2012ஆம் ஆண்டில் வெளிவந்த பிற்காலப் பதிப்பாகும்.

ஆட்டத்தின் விதி எளிது. தாக்கும் அணி, களத்தில் குறிக்கப்பட்ட இரண்டு இடங்களுள் ஒன்றில் வெடிகுண்டை வைக்க வேண்டும். காக்கும் அணி அதனைத் தடுக்க வேண்டும். வைத்துவிட்டால் செயலிழக்கச் செய்ய வேண்டும். ஒரு சுற்றுக்கு 1 நிமிடம் 55 விநாடி. குண்டு வைக்கப்பட்டபின் வெடிக்க 40 விநாடி. அதனைச் செயலிழக்கச் செய்ய 10 விநாடி. அதற்குரிய கருவி கையிலிருந்தால் 5 விநாடி போதும். சுற்றில் வீழ்த்தப்பட்டவர் அச்சுற்று முடியும்வரை களத்திற்குத் திரும்ப இயலாது. பாஸ்டன் போட்டி நடந்த காலத்தில் பதினைந்து சுற்று முடிந்ததும் அணிகள் பக்கம் மாறின. முதலில் 16 சுற்றுகளை வென்ற அணி அக்களத்தை வென்றதாயிற்று.

துப்பாக்கியும் வெடிகுண்டும் கொண்ட ஆட்டத்தை இளைஞர்க்குரிய விளையாட்டு என்று சொல்லலாமா என்னும் ஐயம் எழுவது இயல்பு. இக்கட்டுரையை எழுதும் ஆசிரியருக்கும் அவ்வையம் முற்றிலும் நீங்கிவிடவில்லை. உலக விளையாட்டு அமைப்புகளிடமும் இத்தயக்கம் உண்டு. பன்னாட்டு ஒலிம்பிக் குழு, கொலையைக் காட்சியாக்கும் ஆட்டங்களை ஏற்க மறுத்து வந்துள்ளது. 2023ஆம் ஆண்டு சீனாவின் ஹாங்சோ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் மின்விளையாட்டு பதக்கத்துக்குரிய போட்டியாகச் சேர்க்கப்பட்டது. ஆயினும், அங்கு இடம்பெற்ற பப்ஜி மொபைல் ஆட்டம், மனிதரைச் சுடாமல் இலக்குப் பலகைகளைச் சுடும் வகையில் மாற்றியமைக்கப்பட்ட பின்னரே ஆடப்பட்டது. கவுண்டர்-ஸ்டிரைக் அத்தகைய மாற்றம் எதற்கும் உட்படாமல் தனக்கென வேறொரு போட்டி மரபை வளர்த்துக்கொண்டது. மறுப்பதாயினும் ஏற்பதாயினும், ஓர் ஆட்டம் எவ்வாறு ஆடப்படுகிறது என்று அறிந்த பின்னர்ச் செய்வதே முறை.

பணமும் பொறுமையும்

இவ்வாட்டத்தை முதன்முறை காண்பவர், விரைவாகச் சுடுபவரே வெல்வார் என்று எண்ணுவர். குறி தவறாமை தேவைதான். ஆனால், மேஜர் என்று வழங்கப்பெறும் உயர்நிலைப் போட்டிக்கு வந்துசேரும் வீரர் எவரும் குறி தவறாதவரே. எல்லாரிடத்தும் உள்ள ஒன்று வெற்றியைப் பிரித்துக் காட்டாது. அதனைப் பிரித்துக் காட்டுவது ஒரு கணக்கு.

ஒவ்வொரு பாதியின் தொடக்கத்திலும் ஒவ்வொருவருக்கும் 800 டாலர் ஆட்டப்பணம் வழங்கப்படும். துப்பாக்கி, கவசம், புகைக்குண்டு, ஒளிக்குண்டு ஆகிய யாவற்றையும் அப்பணத்தில்தான் வாங்க வேண்டும். தாக்கும் அணியினர் விரும்பும் ஏகே-47 துப்பாக்கியின் விலை 2700 டாலர். தொலைவிலிருந்து ஒரே குண்டில் வீழ்த்தவல்ல ஏடபிள்யூபி துப்பாக்கிக்கு 4750 டாலர். சுற்றை வென்ற அணியினர் ஒவ்வொருவருக்கும் 3250 டாலர் கிடைக்கும். குண்டு வெடித்தோ செயலிழந்தோ வென்றிருப்பின் 3500. தோற்ற அணிக்கும் ஆறுதல் தொகை உண்டு. பாஸ்டன் போட்டி நடந்த காலத்து விதிப்படி அது முதல் தோல்விக்கு 1400, அடுத்ததற்கு 1900, பின்னர் 2400, 2900 என ஏறி, 3400இல் நின்றது.

அவ்விதியை ஓர் எடுத்துக்காட்டால் விளங்கிக்கொள்ளலாம். ஒருவர் முதற்சுற்றில் 650 டாலருக்கு எளிய கவசம் ஒன்றை வாங்குகிறார். மீதி 150. அணி தோற்கிறது, 1400 வருகிறது. இப்போது கையில் 1550. அதற்குள் ஒரு சிறு துப்பாக்கியை வாங்கிப் போரிடலாம் என்று மனம் துடிக்கும். தேர்ந்த அணி வாங்காது. அடுத்த சுற்றைத் தோற்கப்போவதாக ஏற்றுக்கொண்டு வெறுங்கையுடன் களம் இறங்கும். தோல்விக்கு 1900 சேர்ந்தால் கையில் 3450. ஏகே-47 துப்பாக்கிக்கும் கவசத்துக்கும் சேர்த்து 3350. மூன்றாம் சுற்றில் ஐவரும் முழுப் படைக்கலத்துடன் நிற்பர். கையில் மிச்சம் 100 டாலர்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஐவரில் ஒருவர் மட்டும் பொறுமையிழந்து இரண்டாம் சுற்றில் செலவழித்துவிட்டால், மூன்றாம் சுற்றில் நால்வரே படைக்கலம் தாங்குவர். ஒருவரது அவசரத்தின் விலையை ஐவரும் செலுத்துவர். ஆகவே, சேமிப்பதா செலவழிப்பதா என்பதை ஐவரும் ஒருசேர முடிவு செய்கின்றனர். தோற்கும் தறுவாயில் உள்ளவர் தம் விலையுயர்ந்த துப்பாக்கியைக் காப்பாற்றிக்கொண்டு களத்தின் மூலையில் ஒளிந்து நிற்பதையும் காணலாம். அறியாதவர் கண்ணுக்கு அது கோழைத்தனம். அணியின் கணக்கில் அது 4750 டாலர்.

அக்காலத்து விதியில் இன்னொரு நுட்பமும் இருந்தது. ஓர் அணி ஒரு சுற்றை வென்றவுடன் அதன் ஆறுதல் தொகை மீண்டும் 1400க்கு இறங்கிவிடும். ஆகவே, தொடர்ந்து வென்று வந்த அணி திடீரெனத் தோற்கத் தொடங்கினால், கையிருப்பு இல்லாதபோது விரைவில் வறுமையை எட்டும். முன்னணியில் நிற்பவர் சரியத் தொடங்கினால் சரிவு விரைவாவதற்கு இவ்விதியும் ஒரு காரணம். பாஸ்டனில் நிகழ்ந்ததைப் புரிந்துகொள்ள இது நமக்குப் பயன்படும்.

குழூஉக்குறி

ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் விளங்குமாறு வழங்கும் சொல்லைக் குழூஉக்குறி என்று நம் இலக்கணம் வகுத்துள்ளது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்று கூறுவது நாம் படித்த எடுத்துக்காட்டு. கவுண்டர்-ஸ்டிரைக் ஆடுவோர் ஒவ்வொரு களத்தின் ஒவ்வொரு மூலைக்கும் இத்தகைய பெயர் சூட்டியுள்ளனர். இன்ஃபெர்னோ என்னும் களம் தென்னைரோப்பியச் சிற்றூர் ஒன்றைப்போல் அமைந்தது. அங்கே வளைந்து செல்லும் சந்து ஒன்றின் பெயர் ‘வாழைப்பழம்’. அதன் வளைவு அப்படி. போட்டியின்போது, “நீண்டு வளையும் அச்சந்தின் முடிவில் எதிரணியினர் இருவர் நிற்கின்றனர்” என்று சொல்ல நேரம் இராது. “வாழைப்பழம், இருவர்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

பேசுவதைவிடக் கடினமானது பேசாதிருத்தல். வீழ்த்தப்பட்டவர் தம் அணியினரோடு தொடர்ந்து பேச இயலும். ஆனால், கடைசியாக ஒருவர் மட்டும் எஞ்சி நிற்கும்போது ஏனைய நால்வரும் வாய்திறவாதிருப்பதே தேர்ந்த அணியின் வழக்கம். எதிரியின் காலடியோசையை அவர் கேட்க வேண்டுமே! தமக்கு வழி தெரியும் என்று ஒருவர் எண்ணலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும், களத்தில் நிற்பவருக்கே செவியும் முடிவும் உரியன. வகுப்பறையில் ஒரு மாணவர் விடை சொல்லத் தடுமாறும்போது பின்வரிசையிலிருந்து எழும் முணுமுணுப்புகளைக் கேட்டுப் பழகிய எனக்கு, இந்த அமைதி வியப்பையே தந்தது.

அன்று பயிற்சியாளரும் விருப்பம்போல் பேச இயலவில்லை. 2016ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் வால்வ் நிறுவனம் கொண்டுவந்த விதியின்படி, மேஜர் போட்டிகளில் ஆட்டம் நடக்கும்பொழுது பயிற்சியாளர் வாய்திறக்கக் கூடாது என்றிருந்தது. தொடக்கத்திலும் பாதி இடைவேளையிலும் 30 விநாடி கொண்ட நான்கு ஓய்வு வேளைகளிலும் மட்டுமே அவர் பேச முடிந்தது. ஐவர் விளையாட்டு அறுவர் விளையாட்டாகிவிடக் கூடாது என்பது அவ்விதியின் நோக்கம்.

இவ்வகையில் இறுதிப்போட்டிக்கு வந்த இரண்டு அணிகளும் இருவேறு சோதனைகள் எனலாம். கிளவுட் நைன் அணியின் டாரிக், ஸ்டூவி, ஆட்டிமேட்டிக், ரஷ், ஸ்கடூடில் ஆகிய ஐவரும் ஒரே நாட்டினர். ஒரே மொழியில் வளர்ந்தவர். ஃபேஸ் அணியிலோ டென்மார்க்கின் காரிகன், போஸ்னியாவின் நிக்கோ, ஸ்லோவாக்கியாவின் கார்டியன், நார்வேயின் ரெயின், சுவீடனின் ஓலோஃப்மெய்ஸ்டர் ஆகிய ஐவருக்கும் ஐந்து தாய்மொழி. ஆங்கிலத்தைப் பொதுமொழியாகக் கொண்டு ஆடினர். தனித்தனியே நோக்கினால் உலகின் தலைசிறந்த வீரர்கள் பலரைத் தன்னகத்தே கொண்டிருந்த அணி ஃபேஸ். வெல்லப்போவது அவர்களே என்று பெரும்பாலோர் கருதினர்.

இறுதிப்போட்டிக்கு வந்த வழி

வால்வ் நிறுவனத்தின் ஆதரவோடு நடைபெறும் மேஜர் போட்டிகள் 2013ஆம் ஆண்டில் சுவீடனின் யோன்ஷோப்பிங் நகரில் தொடங்கின. அப்போது மொத்தப் பரிசு இரண்டரை இலட்சம் டாலர். 2016ஆம் ஆண்டில் அது 10 இலட்சமாக உயர்ந்தது. பாஸ்டன் போட்டி அவ்வரிசையில் பன்னிரண்டாவது. அதற்கு முன் நடந்த பதினொரு மேஜர் போட்டிகளிலும் வட அமெரிக்க அணி ஒன்றுகூட வாகை சூடியதில்லை.

24 அணிகள் பங்கேற்ற இப்போட்டியின் முதற்கட்டங்கள் அட்லாண்டா நகரில் நடைபெற்றன. ஒவ்வொரு கட்டத்திலும் 16 அணிகள் சுவிஸ் முறைப்படி மோதின. சதுரங்கம் அறிந்தவர்க்கு இம்முறை புதிதன்று. 2022ஆம் ஆண்டு மாமல்லபுரத்தில் நடந்த சதுரங்க ஒலிம்பியாடும் சுவிஸ் முறையில்தான் அமைந்தது. ஒரே எண்ணிக்கையில் வென்றவரோடு வென்றவரும், தோற்றவரோடு தோற்றவரும் மோதுவது இதன் அடிப்படை. இங்கு மூன்று வெற்றி பெற்ற அணி முன்னேறும். மூன்று தோல்வி கண்ட அணி வெளியேறும்.

இரண்டாம் கட்டத்தில் கிளவுட் நைன் தன் முதல் இரண்டு ஆட்டங்களிலும் தோற்றது. இன்னொரு தோல்வி, ஊர் திரும்ப வேண்டியதுதான். அடுத்து ஆடிய மூன்றிலும் வென்று, முன்னேறும் எட்டு அணிகளுள் ஒன்றாயிற்று. பின்னர்க் காலிறுதியில் ஜி2 அணியையும், அரையிறுதியில் பிரேசில் வீரர்களைக் கொண்ட எஸ்கே கேமிங் அணியையும் வீழ்த்தியது. ஃபேஸ் அணி அட்லாண்டாவைத் தாண்டிப் பாஸ்டன் வந்தபின் இறுதிப்போட்டிவரை ஒரு களத்தைக்கூட இழக்கவில்லை.

தெரிந்து தெளிவோம்

சுவிஸ் முறை முதன்முதலாக 1895ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் நடைபெற்ற சதுரங்கப் போட்டியில் கையாளப்பட்டது. எல்லாரும் எல்லாரோடும் மோத நேரம் இல்லாத பெரிய போட்டிகளில், ஒரே தோல்வியால் எவரும் வெளியேறாமல் தரவரிசையை அறிய இது உதவுகிறது.

பங்கு பெறாத ஒருவர்

இறுதிப்போட்டிக்குள் புகுமுன், கிளவுட் நைன் வீரர் ஒருவரைப்பற்றி அறிந்துகொள்வது தேவையாகிறது. ஆட்டப்பெயர் ஸ்கடூடில், இயற்பெயர் டைலர் லேதம். தொலைவிலிருந்து சுடும் ஏடபிள்யூபி துப்பாக்கியைக் கையாள்பவர் அவரே.

2014ஆம் ஆண்டில் அவர் ஐபைபவர் என்னும் அணியில் ஆடினார். அன்று வட அமெரிக்காவின் முன்னணி அணிகளுள் ஒன்று அது. அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில், தன்னைவிடப் பன்மடங்கு எளிய அணி ஒன்றிடம் அது 4–16 என்று தோற்றது. கண்டவர் வியந்தனர், சிலர் ஐயுற்றனர். 2015ஆம் ஆண்டு சனவரியில் ஊடகவியலாளர் ஒருவர் சான்றுகளுடன் உண்மையை வெளிக்கொணர்ந்தார். அது வேண்டுமென்றே தோற்ற ஆட்டம். எதிரணி வெல்லும் என்று வேறு பெயர்களில் பந்தயம் வைத்து, அதில் கிடைத்தவற்றைப் பங்கிட்டுக்கொண்டிருந்தனர்.

பங்கிட்டது பணத்தை அன்று, துப்பாக்கி ஓவியங்களை. இவ்வாட்டத்தில் துப்பாக்கியின்மீது பூசத்தக்க வண்ண ஓவியங்கள் விற்கப்படுகின்றன. அவற்றால் துப்பாக்கியின் வலிமை சிறிதும் கூடாது, அழகுக்கு மட்டுமே. எனினும், அரியவற்றை ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வாங்குவோர் உள்ளனர். தொட்டுப் பார்க்க இயலாத அவ்வோவியங்களே சூதாட்டத்தின் நாணயமாகவும் மாறின. கையில் நோட்டு புழங்காத காரணத்தால் இளைஞர் பலருக்கு அது சூதாட்டம் என்றே தோன்றவில்லை. இதுவே இத்துறையின் ஆழமான புண். இன்றளவும் அது முழுதும் ஆறிவிடவில்லை.

வால்வ் நிறுவனம் எழுவருக்குத் தடை விதித்தது. அவர்களுள் நால்வர் ஐபைபவர் அணியின் வீரர்கள். ஓராண்டுக்குப் பின் அத்தடை நிரந்தரமானது என்றும் அறிவித்தது. மேஜர் மேடையில் ஏறும் வாய்ப்பு அந்நால்வருக்கும் அத்துடன் மூடப்பட்டது. பின்னாளில் வட அமெரிக்காவின் பெருமையாகத் திகழக்கூடும் என்று கருதப்பட்டவர்களும் அவர்களுள் இருந்தனர். ஒரே நாள் ஆட்டம்; ஆதாயம் சில ஓவியங்கள்; இழப்போ ஒரு வாழ்க்கைத் தொழில்.

ஐவரில் தடைக்கு ஆளாகாத ஒருவர் ஸ்கடூடில். பங்கிடப்பட்டவற்றில் அவர் எதையும் பெறவில்லை. தோழர் நால்வரும் நீங்கிய அணியிலிருந்து தனித்து எஞ்சிய அவர், பின்னர்க் கிளவுட் நைன் அணியில் சேர்ந்தார். பாஸ்டன் மேடைக்கு அவர் வந்து சேர்ந்த பின்புலம் இது.

நான்கு சுற்றின் இடைவெளி

இறுதிப்போட்டி மூன்று களங்களைக் கொண்டது. இரண்டை வெல்பவர் வாகையர். மிராஜ் என்னும் முதற்களத்தில் ஃபேஸ் 16–14 என வென்றது. ஓவர்பாஸ் என்னும் இரண்டாம் களத்தில் கிளவுட் நைன் 16–10 என வென்றது. எஞ்சியது இன்ஃபெர்னோ, வாழைப்பழச் சந்து வளையும் சிற்றூர்.

அக்களத்தில் ஃபேஸ் 15–11 என்ற நிலையை எட்டியது. இன்னும் ஒரே ஒரு சுற்று, கோப்பை அவர்களுடையது. கிளவுட் நைன் பிழைக்க வேண்டுமாயின் அடுத்த நான்கு சுற்றுகளையும் வெல்ல வேண்டும். அப்பொழுதும் ஆட்டம் சமன்தான் ஆகும். தோற்கக் கூடாத சுற்று என்று ஒன்று வந்தபின் சேமிப்புக் கணக்கு பொருளற்றுப் போகிறது. நாளைக்கென்று எதையும் வைத்துக்கொள்ள இயலாது. கையில் உள்ளதைக் கொண்டு இன்றே வெல்ல வேண்டும். முன்னணியில் நிற்பவர்க்கு நிலைமை வேறு. ஒன்றைத் தோற்றாலும் இன்னும் மூன்று வாய்ப்பு உண்டு என்னும் எண்ணம் உள்ளே நுழையும். அதே வேளையில், அவர்தம் ஆறுதல் தொகையோ 1400இலிருந்துதான் தொடங்கும்.

கிளவுட் நைன் ஒன்றை வென்றது. மீண்டும் ஒன்றை வென்றது. நான்கையும் வென்று 15–15 எனச் சமன் செய்தது. சமனானால் கூடுதலாக ஆறு சுற்றுகள். அதில் நான்கை வெல்பவர் வெற்றியாளர். அவ்வாறும் மூன்று–மூன்று எனப் பிரிந்து 18–18 ஆயிற்று. மீண்டும் ஆறு சுற்றுகள். இம்முறை கிளவுட் நைன் தளரவில்லை. நாற்பத்தொன்றாம் சுற்று முடிந்தபொழுது கணக்கு 22–19. மேஜர் வாகை முதன்முறையாக வட அமெரிக்காவுக்குச் சென்றது.

வாகை சூடிய ஐவருள் ஒருவர் ஸ்கடூடில். மேஜர் போட்டிகளின் நினைவாக, வீரர் கையொப்பம் பொறித்த துப்பாக்கி ஓவியங்களை வால்வ் நிறுவனம் வெளியிடும் வழக்கம் உண்டு. ஸ்கடூடிலின் கையொப்பம் தாங்கிய ஏடபிள்யூபி ஓவியம் ஒன்று அப்போட்டியை அடுத்து 61,000 டாலருக்கும் மேலான விலைக்கு விற்பனையானது. மூன்றரை ஆண்டுகளுக்கு முன் அவர் பங்கு பெறாதிருந்ததும் இத்தகைய ஓவியங்களில்தான்.

கலைந்தவரும் காத்திருந்தவரும்

வெற்றி பெற்ற அணி நெடுநாள் நிலைக்கவில்லை. சில மாதங்களுக்குள் ஸ்டூவி வேறு அணிக்குச் சென்றார். அதே ஆண்டில் டாரிக்கும் பிரிந்தார். மின்விளையாட்டில் அணிகள் கலையும் வேகம் கால்பந்து, மட்டைப்பந்து இரசிகர்களுக்கு வியப்பளிக்கும். நகரமோ ஊரோ பின்னணியில் இல்லாத அணிகளாதலின், வீரர்கள் பிரிந்தால் பெயர் மட்டுமே எஞ்சும்.

நேர்மைக்கான சோதனையும் அத்துடன் முடிந்துவிடவில்லை. ஆட்ட மென்பொருளின் பிழை ஒன்றைப் பயன்படுத்தி, எதிரணி நிற்கும் இடத்தைச் சில பயிற்சியாளர்கள் மறைவாகக் கண்டுவந்தது 2020ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. மின்விளையாட்டு நேர்மை ஆணையம் அவ்வாண்டு செப்டம்பரில் 37 பயிற்சியாளர்களைத் தண்டித்தது. வாய்திறக்கக் கூடாது என்னும் விதியை இயற்றியவர்கள், கண் செல்லும் இடத்தைக் கருதாது விட்டனர் போலும்.

இந்திய அரசு 2022ஆம் ஆண்டு டிசம்பரில் மின்விளையாட்டைப் பல்துறை விளையாட்டு நிகழ்வுகளின் ஒரு பகுதியாக ஏற்று, இளைஞர் நலன் மற்றும் விளையாட்டு அமைச்சகத்தின் பொறுப்பில் வைத்தது. அதன்பின் நம் நாட்டிலும் இது விளையாட்டா என்னும் வினா, இதனை எவ்வாறு நேர்மையாக நடத்துவது என்னும் வினாவுக்குச் சற்றே வழிவிட்டிருக்கிறது.

பாஸ்டனில் தோற்ற ஐவரின் கதையையும் சொல்லியாக வேண்டும். ஒரே ஒரு சுற்றின் தொலைவில் கோப்பையைத் தவறவிட்ட அணியின் களத்தலைவர் காரிகன். அவர் இடையில் வேறு அணிக்குச் சென்று, 2021ஆம் ஆண்டில் ஃபேஸ் அணிக்கே திரும்பினார். 2022ஆம் ஆண்டில் பாஸ்டன் ஐவருள் அவரோடு அங்கு எஞ்சி நிலைத்திருந்தவர் ரெயின். ஏனையோர் புதியவர், அணி மீண்டும் பல நாட்டினரின் கலவையாகவே இருந்தது.

2022ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில் நடைபெற்ற மேஜர் இறுதிப்போட்டியில் ஃபேஸ் அணி நாட்டஸ் வின்செரே அணியை எதிர்கொண்டது. முதற்களம் இன்ஃபெர்னோ. அன்றும் அக்களம் 15–15 எனச் சமனாகிக் கூடுதல் ஆட்டத்திற்குச் சென்றது. இம்முறை ஃபேஸ் 19–16 என வென்றது. அடுத்த களத்தையும் 16–10 எனக் கைப்பற்றி, பல நாட்டினர் சேர்ந்த அணி ஒன்று முதன்முறையாக மேஜர் வாகை சூடியது. போட்டியின் சிறந்த வீரர் விருதை ரெயின் பெற்றார்.